விளையாட்டு அறிவியல் மாணவர்களுக்கு ஆய்வு முன்மொழிவு எழுத எப்படி உதவலாம்?

முதுகலை உடற்கல்வி மாணவர்களுக்கு முதன்முறையாக ஆய்வு வழிகாட்டியாகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இதே வேலையைச் செய்பவன் என்ற முறையில் என் பதில்: முதல் சந்திப்பில் தலைப்பைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள்.

நம் மாணவர் பெரும்பாலும் தலைப்போடுதான் வருவார். "கபடி வீரர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்திறன் கூறுகளில் 12 வார பிளையோமெட்ரிக் (குதித்துத் தாண்டும்) பயிற்சியின் விளைவு." பழைய ஆய்வேட்டில் கைப்பந்தை எடுத்துவிட்டுக் கபடியை வைத்தால் இது கிடைத்துவிடும். பயிற்சி பெற்ற குழு முன்னேறும், சும்மா இருந்த குழு முன்னேறாது. இதை அறிய ஆய்வு எதற்கு? சிறு வயதிலிருந்து களத்தில் ஆடியவர் தன் அனுபவத்தில் ஒரு துளியைக்கூட முன்மொழிவில் வைக்காதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே, ஆடும்போது விடை தெரியாமல் நின்ற இடம் எது என்று கேளுங்கள். கபடி ஆடியவர் சொல்லுவார்: ஒரு ரெய்டு 30 நொடிதான், ஆனால் இரண்டாம் பாதியில் திரும்பி வரும்போது கால் கேட்பதில்லை. கேள்வி அங்கேயே இருக்கிறது. அடுத்தடுத்த குறுகிய ஓட்டங்களில் வேகம் எவ்வளவு சரிகிறது? ஓய்வு இடைவெளியைச் சுருக்கிப் பயிற்சி தந்தால் அந்தச் சரிவு குறைகிறதா? கேள்வி இவ்வளவு தெளிந்தபின், நீண்ட ஓட்டத் தாங்குதிறனை அளக்கும் 12 நிமிட கூப்பர் ஓட்டம் இதற்குப் பொருந்தாது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே நேர அளவில் வழக்கமான பயிற்சி தர வேண்டும் என்பதும் அவருக்கே புலப்படும்.

பிறகு அவரை மைதானத்துக்கு அனுப்புங்கள். ஒரே வீரர்களை, ஒரே நேரத்தில், சில நாள் இடைவெளியில் இருமுறை அளந்து வரட்டும். எந்தப் பயிற்சியும் இல்லாமலே எண்கள் மாறியிருக்கும். செங்குத்துத் தாண்டலில் பழக்கத்தாலேயே உயரம் கூடுவது உண்டு. கையால் அழுத்தி நேரம் எடுக்கும் ஸ்டாப்வாட்சிலும் பிழை உண்டு. 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது தடகள வழக்கம். 30 மீட்டரில் 0.1 நொடி முன்னேற்றத்தைத் தேடுபவர் ஸ்டாப்வாட்சை நம்ப முடியுமா?

குழுவுக்கு 15 பேர் என்ற வழக்கத்தையும் கேள்வி கேளுங்கள். நடுத்தர அளவு விளைவை 80 சதவீத வாய்ப்போடு கண்டறிய, இரு தனிக் குழுக்களின் எளிய ஒப்பீட்டில் குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் மாணவரே கணக்கிடலாம். அத்தனை வீரர்கள் கிடைக்காவிட்டால் கேள்வியைச் சுருக்க வேண்டும், அல்லது ஒரே வீரர்களைப் பலமுறை அளக்கும் வடிவமைப்புக்கு மாற வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி தரவு எடுப்பதற்கு முன் வாங்க வேண்டியது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலோடு அந்தப் பிள்ளையின் இசைவும் தேவை, படிவம் தமிழில் இருக்க வேண்டும். பயிற்சியாளரே அணியின் முன் கையெழுத்துக் கேட்டால் விளையாட்டு விடுதி மாணவன் எப்படி மறுப்பான்? வேறொருவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கால அட்டவணையைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடாமல் தொடக்கத்திலேயே போட வையுங்கள். தேர்வுகளையும் பல்கலைக்கழகப் போட்டிகளையும் அதில் முதலில் குறிக்கட்டும். மீதமிருப்பது எட்டு வாரமென்றால், பயிற்சியும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும்.