அப்பாவின்ர ஸ்கேன்ல 'லீக்' எண்டு இருக்கு

கேள்வி: டொக்டர், அப்பாவுக்கு 72 வயசு. வயித்துப் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருந்ததெண்டு ஸ்டென்ட் வச்சு ஒரு மாசம். இப்ப சிடி ரிப்போர்ட்ல டைப் 2 எண்டோலீக் எண்டு போட்டிருக்கு. உள்ளுக்க ரத்தம் ஒழுகுதோ? வீட்டில ஒருத்தருக்கும் நித்திரை இல்ல.
வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அந்தச் சொல்லப் பாத்தா யாருக்கும் நெஞ்சு திக்கெண்டும். ஆனா ரத்தம் வயித்துக்குள்ள கொட்டேல்ல, ஸ்டென்டுக்கு, அதாவது ரத்தக்குழாய்க்குள்ள வச்ச துணிபோட்ட குழாய்க்கு, வெளியால பழைய வீக்கப் பைக்குள்ளதான் முதுகுப்பக்கச் சின்னக் குழாயள் வழியாத் திரும்பி வருது, மருந்து ஏத்திக் கொஞ்சம் பிந்தி எடுத்த படத்தில பைக்குள்ள வெள்ளையா ஒரு திட்டு மாதிரித் தெரியும். இதுதான் கூடுதலா வாற வகை, கனபேருக்குத் தானா அடைபட்டிடும். டைப் 1 (ஸ்டென்ட் நுனியால ஒழுகிறது), டைப் 3 (ஸ்டென்ட் பொருத்தாலயோ கிழிசலாலயோ ஒழுகிறது) எண்டா வேற கதை, பிந்தாமச் சரிசெய்யோணும்.

நீங்க கேக்க வேண்டியது பையின்ர அளவு. முந்தின படத்தோட ஒப்பிட்டு 5 மில்லிமீட்டருக்கு மேல கூடியிருந்தாத்தான் சிகிச்சையப் பத்தி யோசிப்பினம், அதால பழைய பிலிம் ஒண்டையும் எறியாதேங்கோ, ஒவ்வொருமுறையும் கொண்டு போங்கோ. அடுத்த சிடிக்கு முதல் கிரியேட்டினினும், அதாவது சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுதெண்டு காட்டுற ரத்தச் சோதனையும், பாக்கோணும்.

திடீரெண்டு வயிறோ முதுகோ கடுமையா நொந்து தலை சுத்தினாலோ, கால் குளிர்ந்து வெளிறினாலோ கிளினிக் நாள் வரட்டும் எண்டு இருக்காம உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.