கால் மணி நேரத்தில் திணறும் மோட்டார்

கேள்வி: எனக்கு ஊர் தேவகோட்டை. நானும் என் மைத்துனரும் சேர்ந்து தொண்டியில் ஒரு சிறிய பைபர் படகு வைத்திருக்கிறோம். அதில் உள்ளது 2 சிலிண்டர், 2 ஸ்ட்ரோக், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார். கரையை விட்டுக் கிளம்பி 15 நிமிடம் நன்றாக இழுக்கிறது. பிறகு திராட்டிலை முழுவதும் திறந்தாலும் திணறிப் பாதி வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. சில நாள் நின்றும் போகிறது. 10 நிமிடம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் ஓடி, மறுபடியும் திணறுகிறது. ப்ளக் இரண்டையும் மாற்றிவிட்டோம். கார்பரேட்டரைப் புதிதாகப் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா? பெட்ரோல் டாங்கை ஒவ்வொரு முறையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்படிப் பக்கமுள்ள இரண்டாம் கட்டுப் பகுதியில் வைக்கிறோம்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கார்பரேட்டரில் பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட் அடைத்திருந்தால் பெரும்பாலும் கரையை விட்ட முதல் நிமிடத்திலேயே முழு வேகம் கிடைத்திராது. நன்றாக ஓடிப் பிறகு திணறி, ஓய்வு கொடுத்தால் தேறுகிற மோட்டாரில், டாங்கிலிருந்து பெட்ரோல் வரும் வழியையும், அடுத்ததாகச் சூட்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டாங்க் மூடியில் காற்றுக்கான சிறு திருகு இருக்கும். தூக்கிச் செல்லும்போது பெட்ரோல் சிந்தாமல் இருக்க அதை இறுக்கி மூடுவோம். படகில் வைத்ததும் திறந்துவிட வேண்டும். மோட்டார் பெட்ரோலை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வராவிட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, மோட்டாரின் பெட்ரோல் பம்பில் உள்ள மெல்லிய சவ்வால் அதை எதிர்த்து இழுக்க முடியாமல் போகும். டாங்க் நிறைந்திருக்கும் நாளில் சீக்கிரமும், பாதியாக இருக்கும் நாளில் தாமதமாகவும் திணறுகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. திணறும் நேரத்தில் மூடியைத் திறந்தால் காற்று உஸ்ஸென்று உள்ளே போகும்.

திருகைத் திறந்திருந்தாலும் துளை அடைத்திருக்கலாம். நீங்கள் இரண்டாம் கட்டு என்று எழுதியதும் எங்கள் வீட்டு டாங்க்தான் என் நினைவுக்கு வந்தது. இதே கோளாறுக்குப் பெட்ரோல் பம்பையே மாற்றிய பிறகுதான், மூடியின் துளையில் குளவி மண் வைத்திருந்தது எங்களுக்குத் தெரிந்தது. ஊசியால் குத்தியதும் உதிர்ந்த மண் ஒரு மிளகளவுகூட இல்லை. பெட்ரோல் டாங்கை வீட்டுக்குள், அதுவும் அடுப்படிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்றும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுப்பைத் தேடிப் போய்விடும்.

துளை சரியாக இருந்தால், மோட்டார் திணறும்போதே பெட்ரோல் குழாயின் நடுவே உள்ள ரப்பர் கைப்பம்பை ஒருவர் அமுக்கிப் பார்க்கட்டும். பம்பு சப்பிப்போய் மீளாமல் கிடந்தால், அடைப்பு டாங்குக்கும் அதற்கும் இடையில் இருக்கிறது: உள்ளே உறிஞ்சும் குழாயின் வலையைப் பாருங்கள், பழைய குழாய் என்றால் அதன் உட்சுவர் பிரிந்து மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பு தளர்ந்திருந்து, அமுக்க அமுக்க இழுவை திரும்பினால், மோட்டாரில் உள்ள பம்பின் சவ்வு தேய்ந்திருக்கலாம், அல்லது குழாய் இணைப்பின் ரப்பர் வளையம் வழியாகக் காற்று புகலாம். கெட்டியாகவே இருந்து, அமுக்கியும் பயனில்லையென்றால், டாங்கையும் குழாயையும் விட்டுவிட்டுச் சூட்டைக் கவனியுங்கள்.

அந்தக் கடலில் கடற்புல் அதிகம் என்பதால், தண்ணீர் உறிஞ்சும் சல்லடை எளிதில் மூடிக்கொள்ளும். மோட்டாரின் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்திருந்தால் சல்லடையையும், பிறகு தண்ணீர் பம்பின் ரப்பர் இதழ்களையும் பாருங்கள். தண்ணீர் நன்றாக வருகிறது, ஆனாலும் சூடேறியதும் ஒரு சிலிண்டர் செத்துவிடுகிறது என்றால், சூட்டில் பொறி விடாத இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம். அதை மோட்டார் ஆறுவதற்குள் சோதித்தால்தான் தெரியும்.

காரணம் தெரியும்வரை, திணறுகிற மோட்டாரை முழுத் திராட்டிலில் வைத்துக் கரைக்கு விரட்டிக்கொண்டு வராதீர்கள். 2 ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைந்து, பிஸ்டன் சிலிண்டரில் உரசிப் பிடித்துவிடும். ஊசியால் தீர வேண்டிய கோளாறுக்கு சிலிண்டரையே கடைய வேண்டிவரும். அதே காரணத்தால் ஆயில் அளவிலும் கவனம் வேண்டும்: 50-க்கு 1 என்று குறித்திருக்கும் மோட்டாரில் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. மோட்டார் சைக்கிளுக்கான 2டி ஆயிலை ஊற்றாமல், படகு மோட்டாருக்கென உள்ள டிசி-டபிள்யூ3 ஆயிலையே வாங்குங்கள்.

கேள்வி: என் மோட்டாரில் சத்தம் மட்டும் ஏறுகிறது, படகு வேகம் எடுப்பதில்லை. இதுவும் அதே கோளாறா? (காரைக்குடி வாசகர்)

பதில்: இல்லை. உங்கள் மோட்டாரில் சக்தி இருக்கிறது. அது தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. ப்ரொப்பல்லரின் நடுவே உள்ள ரப்பர் புஷ் வழுக்கலாம். புஷ்ஷின் உள்வளையத்திலிருந்து வெளிவளையம்வரை பெயிண்டால் ஒரே நேர்கோடு போட்டு, ஒரு நடை ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் போய்விட்டது. கழற்றும்போது தண்டில் நரம்புக்கயிறு சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும்.