33 வயது ரிசீவரை நம்பி இறங்கலாமா?

வாசகர் கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலை விடாமல் பார்ப்பவன் நான். எங்கள் அணியில் வீசப்படும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவர்கள் இரண்டு பேருக்குப் பயிற்சி முகாமிலேயே காயம். ஒருவருக்கு இந்த சீசன் அவ்வளவுதான். இன்னொருவர் அக்டோபரில் திரும்பிவிடுவார் என்கிறார்கள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக் சின்னப் பையன், இது அவனுக்கு இரண்டாவது வருடம். ஒப்பந்தம் இல்லாமல் 33 வயது ரிசீவர் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு ஒரே சீசனில் பந்தைப் பிடித்து 1,000 யார்டு தூரம் தாண்டியவர். போன வருடம் ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) காயத்தால் 9 ஆட்டம்தான் ஆடினார். 50 லட்சம் டாலருக்கு உத்தரவாதம் கேட்கிறாராம். எடுக்கலாமா, வேண்டாமா?

பதில்: அந்த விலைக்கு வேண்டாம். விலை இறங்கி, அவருக்கு என்ன வேலை என்பதும் முடிவானால் எடுக்கலாம்.

அணியின் பெயரையும் வீரரின் பெயரையும் நீங்கள் எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. பெயரைக் கேட்டாலே, எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போட்ட பழைய டச்டவுன்கள் கண்முன் ஓட ஆரம்பித்துவிடும். அணிகளின் பொது மேலாளர்களும் இதற்கு விலக்கில்லை.

இந்த மாதிரி வீரரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, அவரிடம் இன்னும் எவ்வளவு ஆட்டம் மிச்சமிருக்கிறது என்றுதான் எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். நான் முதலில் கேட்பது வேறு. அக்டோபரில் உங்கள் ஆள் குணமாகித் திரும்பியதும், இவரை என்ன செய்வீர்கள்?

அணியில் 53 பேர் இருந்தாலும் ஆட்ட நாளில் உடுப்பு மாட்டுவது அதிகபட்சம் 48 பேர். அதில் ரிசீவர்கள் ஐந்து பேர் இருந்தால் அதிகம். முதல் மூன்று பேருக்குத்தான் தாக்குதல் ஆட்டத்தில் நிரந்தர வேலை. நான்காவது, ஐந்தாவது ஆள் தன் இடத்தைச் சம்பாதிப்பது ஸ்பெஷல் டீம்ஸில், அதாவது பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கு இறங்கும் குழுவில்: பந்தை எதிரணிப் பக்கம் தள்ளும் பன்ட் உதைத்ததும் முழு வேகத்தில் ஓடிப்போய் எதிராளியை மடக்க வேண்டும், கிக்ஆஃபில் மோத வேண்டும். ஆயிரம் யார்டு எடுத்துப் பேர் வாங்கிய 33 வயதுக்காரரை எந்தப் பயிற்சியாளரும் அந்த வேலைக்கு அனுப்ப மாட்டார். ஆக, மூன்றாவது இடத்திலிருந்து நான்காவதுக்கு இறங்கும் நாளில் அவருக்கு வேலையே இல்லை. வயதான ரிசீவர்களை எடுத்து அணிகள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

2025-இல் மினசோட்டா வைக்கிங்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள், உங்கள் நிலைமைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. ஜோர்டன் ஆடிசனுக்கு முதல் 3 ஆட்டம் தடை. முகாமில் வேறு ரிசீவர்களுக்கும் காயம். குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி தன் முதல் ஆண்டு முழுவதையும் முழங்கால் காயத்தில் இழந்தவர். ஆகஸ்ட் கடைசியில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளான டிராஃப்ட் தேர்வுகளைக் கொடுத்து கரோலைனாவிலிருந்து ஆடம் தீலனை அழைத்து வந்தார்கள். மினசோட்டா மண்ணிலேயே பிறந்தவர், 2013-இல் சோதனை முகாமில் ஓடிக் காட்டி அணிக்குள் நுழைந்தவர், வைக்கிங்ஸுக்காக இரண்டு முறை ஆயிரம் யார்டு தாண்டியவர். ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். அந்த வாரம்தான் அவருக்கு 35 வயது முடிந்திருந்தது. ஆடிசன் தடை முடிந்து வந்தார், ஜஸ்டின் ஜெஃபர்சன் எப்போதும்போல் முதல் ஆள், ஜேலன் நேலர் மூன்றாவது இடத்தைப் பிடித்துக்கொண்டார். தீலனுக்கு 11 ஆட்டத்தில் 8 கேட்ச். டிசம்பர் தொடக்கத்தில் அவரே கேட்டு விடுதலை வாங்கிக்கொண்டு பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார்.

தீலனுக்கு ஆட்டம் மறந்துவிடவில்லை. மூன்று வார ஓட்டைக்கு முழு வருட ஆளை வாங்கினார்கள், அவ்வளவுதான். கொடுத்த டிராஃப்ட் தேர்வுகள் போனது போனதுதான்.

இதற்கு நேர் எதிரான பக்கத்தில் நிற்பது லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ். 2021 நவம்பரில் கிளீவ்லாண்ட் கைவிட்ட ஒடெல் பெக்கம் ஜூனியரை எடுத்தார்கள்; அடுத்த நாளே பயிற்சியில் ராபர்ட் வுட்ஸின் முழங்கால் தசைநார் அறுந்தது. ஓட்டை பெரியது, சீசன் முடியும்வரை மூடாதது. பெக்கம் 8 ஆட்டத்தில் 5 டச்டவுன் போட்டார். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் முதல் டச்டவுனும் அவருடையதே. அதே ஆட்டத்தில் அவருடைய முழங்காலும் போயிற்று என்பது தனிக் கதை. 2025-இல் அதே ராம்ஸ் 32 வயது டவான்டே ஆடம்ஸை எடுத்தபோதும் கணக்கு தெளிவாக இருந்தது. யார்டுகளை அள்ள பூக்கா நாக்குவா இருக்கிறார். கோல் கோட்டுக்குப் பக்கத்தில், இடமே இல்லாத இடத்தில் எதிரணிக் காவலரை ஏமாற்றி வெளியே வர ஓர் ஆள் வேண்டும். ஆடம்ஸ் 14 டச்டவுன் போட்டார். மொத்த யார்டு ஆயிரத்தைத் தொடவில்லை. அதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படவும் இல்லை.

இனி உங்கள் ஆளுக்கு வருவோம். இரண்டு வருடம் முன்பு எடுத்த 1,000 யார்டை ஓரமாக வையுங்கள். தீலனே 2023-இல் கரோலைனாவுக்கு 103 கேட்ச், 1,014 யார்டு எடுத்தார். அணி 2 ஆட்டம் ஜெயித்து 15-இல் தோற்றது. எப்போதும் பின்தங்கியே இருக்கும் அணி பந்தை வீசிக்கொண்டே இருக்கும், யாராவது பிடித்துத்தானே ஆக வேண்டும்?

அதற்குப் பதில் போன வருடத்து ஆட்டப் பதிவில் மூன்றாவது டவுன்களை (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதை) மட்டும் எடுத்துப் பாருங்கள். 7 யார்டு வேண்டும், எதிரே காவலர் மூக்கோடு மூக்கு உரசி நிற்கிறார். பந்து நகர்ந்த நொடியில் உங்கள் ஆளின் முதல் இரண்டு அடி எப்படி இருக்கிறது? காவலரின் கையைத் தட்டிவிட்டு அவர் தோளைத் தாண்டிவிட்டால் சரி. பக்கவாட்டில் நாலு தப்படி ஆடிவிட்டுக் கோட்டோரமாகத் தள்ளப்பட்டால், கால் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு, 12 யார்டில் நின்று திரும்பும் ரூட்டில் (முன்பே வகுத்த ஓட்டப் பாதையில்) எத்தனை எட்டு வைத்து நிற்கிறார் என்று எண்ணுங்கள். தொடைக் காயம் முழுதாக ஆறாதவர்கள் நிற்பதற்குள் கூடுதலாக இரண்டு மூன்று எட்டு வைப்பார்கள். அந்த இடைவெளியில் காவலர் வந்து ஒட்டிக்கொள்வார். நேர் ஓட்ட வேகத்தை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது எப்படியும் குறையும்.

வேகம் குறைந்தபின் பிழைப்பவர்கள் உள்ளே நகர்பவர்கள்தான். ஓரத்தில் நின்று பேர் வாங்கிய லாரி ஃபிட்ஸ்ஜெரால்டை அரிசோனாவில் பயிற்சியாளர் புரூஸ் ஏரியன்ஸ் ஸ்லாட்டுக்கு, அதாவது ஓர ரிசீவருக்கும் நடு வரிசைக்கும் இடையே உள்ள இடத்துக்கு, நகர்த்தினார். 2015 முதல் 2017 வரை மூன்று வருடமும் அவர் 100 கேட்சுக்கு மேல். 32 வயதில் தொடங்கிய ஓட்டம் அது. ஸ்லாட்டில் இருப்பவரைக் கோட்டிலேயே கைவைத்து நிறுத்துவது கடினம். வழி இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஆனால் அங்கே நிற்பவர் எதிரணியின் நடுக் காவலர்களான லைன்பேக்கர்களைத் தடுக்கவும் வேண்டும், ஃபிட்ஸ்ஜெரால்ட் அதை மனமுவந்து செய்தார். உங்கள் ஆள் செய்வாரா? ஓரத்தில் மட்டும்தான் ஆடுவேன் என்பவராக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நாற்பது வயதில் 1,211 யார்டு எடுத்த ஜெர்ரி ரைஸை யாராவது உதாரணம் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இளம் குவார்ட்டர்பேக்குக்கு அனுபவசாலி துணை என்ற வாதம் பாதி உண்மை. எந்த ரூட்டில் எந்த எட்டில் திரும்ப வேண்டுமோ அந்த எட்டில் திரும்பும் ஆள் கிடைப்பது பையனுக்கு வரம்தான். ஆனால் பேர் பெரிதாக இருந்தால், திறந்து நிற்கும் மற்றவரை விட்டுவிட்டு மரியாதைக்காகவே அவர் பக்கம் பந்தைத் திணிப்பான். இது என் அபிப்பிராயம், புள்ளிவிவரம் கேட்காதீர்கள்.

இனிப் பணம். நான்கு வருடத்துக்கு மேல் ஆடிய வீரர் முதல் வாரம் 53 பேர் பட்டியலில் இருந்துவிட்டால், அந்த சீசனின் அடிப்படைச் சம்பளம் முழுதும் ஏறக்குறைய கொடுத்தது மாதிரிதான். இரண்டாவது வாரம் சேர்த்தால் அந்தக் கட்டாயம் இல்லை, வாரக் கணக்கில் கொடுக்கலாம். அணிகள் செப்டம்பர் நடுவில் திடீரென்று பெரியவர்களைத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு சலுகையும் இருக்கிறது: குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு வருட ஒப்பந்தம் போட்டால், 2025 கணக்கில் அவர் கைக்கு 12.55 லட்சம் டாலர் போகும். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உள்ள உச்சவரம்பில் ஏறுவதோ இரண்டு வருட அனுபவக்காரருக்கான 10.3 லட்சம்தான்.

அவர் கௌரவம் பார்ப்பார் என்றால் ஊக்கத்தொகையில் விளையாடுங்கள். போன வருடம் எட்டாத இலக்கு எதுவானாலும் இந்த வருட உச்சவரம்பில் ஏறாது. எட்டினால் அடுத்த வருடக் கணக்கில் வரும். அவர் 9 ஆட்டம்தான் ஆடியிருக்கிறார் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று போனஸ் வைத்தால் முதல் 9 ஆட்டத்துக்கு உரியது மட்டும் இப்போது ஏறும், மீதி ஏறாது. 50 லட்சம் சம்பாதிக்க அவருக்கு வழி இருக்கும். உத்தரவாதம் மட்டும் இருக்காது.

நான் அந்த நாற்காலியில் இருந்தால், முதலில் மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்து, கூடவே ஸ்லாட் ரூட்டுகளை மட்டும் ஓடச் சொல்லிப் பார்ப்பேன். தேறினால் 53 பேருக்கு வெளியே இருக்கும் பயிற்சிக் குழுவான பிராக்டிஸ் ஸ்குவாடில் இடம். 2020-க்குப் பிறகு அனுபவசாலிகளையும் அதில் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அங்கிருந்து ஒருவரை ஆட்ட நாளுக்கு மட்டும் 3 முறை மேலே கொண்டுவரலாம். நான்காவது முறைக்கு 53-இல் சேர்த்தாக வேண்டும். அந்த மூன்று ஆட்டம் முடியும்போது அக்டோபர் எட்டிவிடும். காயம்பட்டவர் உண்மையிலேயே ஓடுகிறாரா என்பதும் தெரிந்துவிடும். இதற்கு அவர் ஒத்துக்கொள்ளாமல் வேறு அணி 50 லட்சம் தருகிறது என்று கிளம்பினால் தடுக்காதீர்கள். முகாமில் பன்ட் துரத்திக்கொண்டிருக்கும் டிராஃப்டின் கடைசிச் சுற்றில் எடுத்த இளைஞனை மூன்றாவது ரிசீவராக இறக்கிப் பார்க்க அந்த 3 ஆட்டம் போதும்.