கணுக்கால் எலும்பு உடைந்தவருக்கு ஜவ்வும் கிழிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எம்ஆர்ஐ எடுக்காமல் சொல்ல முடியுமா?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்தது இது: அப்பா படி இறங்கும்போது கால் மடங்கி விழுந்திருக்கிறார். வெளிப்பக்க எலும்பில் முறிவு, ‘வெபர் பி’ என்று சீட்டில் இருக்கிறது. எக்ஸ்ரே மட்டும் பார்த்துவிட்டு 6 வாரம் மாவுக்கட்டு போதும் என்று சொல்லிவிட்டார்கள். ஜவ்வு கிழிந்திருந்தால் எக்ஸ்ரேயில் எப்படித் தெரியும் என்று உறவினர் ஒருவர் கேட்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

நான் எலும்பு அறுவை மருத்துவர். உங்கள் உறவினர் கேட்டது சரியான கேள்விதான். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. ஆனால் ஜவ்வு தன் வேலையைச் செய்கிறதா என்பது தெரியும், சரியான முறையில் எடுத்தால். சிகிச்சையை முடிவு செய்ய எங்களுக்குப் பெரும்பாலும் வேண்டியது அந்த இரண்டாவது விஷயம்தான்.

மூட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் டிபியா என்ற பருத்த எலும்பு, வெளிப்பக்கம் ஃபிபுலா என்ற ஒல்லி எலும்பு. இரண்டின் கீழ்முனைகளும் சேர்ந்து, ‘ப’ எழுத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கூடு அமைக்கின்றன. அந்தக் கூட்டுக்குள் டேலஸ் என்ற எலும்பு கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். உடல் எடை முழுக்க அதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. உள்பக்கம் டேலஸை இழுத்துப் பிடித்திருப்பது டெல்டாய்ட் என்ற தடித்த விசிறி வடிவ ஜவ்வு. டிபியாவும் ஃபிபுலாவும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் கட்டி வைத்திருப்பது சிண்டெஸ்மோசிஸ் என்ற ஜவ்வுக் கூட்டம்.

வெளிப்பக்க எலும்பு மட்டும் உடைந்து டெல்டாய்ட் நன்றாக இருந்தால் டேலஸ் நகராது. கட்டுப் போட்டால் எலும்பு கூடிவிடும். எலும்பும் உடைந்து டெல்டாய்டும் முழுதாக அறுந்திருந்தால் டேலஸைப் பிடித்து வைக்க இரண்டு பக்கமும் ஆளில்லை, அது வெளிப்பக்கமாக நழுவும். எவ்வளவு நழுவினால் கெடுதல் என்று கேட்டால், ராம்ஸே, ஹாமில்டன் என்ற இருவர் 1976ல் இறந்தவர்களின் கால்களில் அளந்து பார்த்தார்கள். டேலஸ் 1 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே மூட்டில் எலும்பும் எலும்பும் தொடும் பரப்பு சுமார் 42% குறைந்தது. எடை மொத்தமும் மிச்சமுள்ள சிறிய இடத்தில் விழும்போது குருத்தெலும்பு தேய்ந்து சில வருடங்களில் மூட்டுவாதம் வரும். அந்த 1 மில்லிமீட்டருக்காகத்தான் நாங்கள் இவ்வளவு மல்லுக்கட்டுகிறோம்.

இது புதிதாகத் தெரிந்த விஷயமும் இல்லை. எக்ஸ்ரே வருவதற்கு நூறு வருடங்களுக்கு மேல் இருக்கும்போதே, 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த பெர்சிவல் பாட், ஃபிபுலா உடையும்போது உள்பக்க ஜவ்வும் அறுந்து பாதம் வெளியே சரிவதை எழுதி வைத்திருக்கிறார். கையாலும் கண்ணாலும் மட்டும் அதைக் கண்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

கையால் பார்ப்பதற்கு எல்லை உண்டு. உள்பக்கம் வீக்கம், கன்றல், அழுத்தினால் வலி இருந்தால் டெல்டாய்ட் மேல் சந்தேகம் வரும். ஆனால் டெல்டாய்ட் அறுந்தும் உள்பக்கம் பெரிதாக வலிக்காதவர்கள் உண்டு, அங்கே நன்றாக வலித்தும் மூட்டு உறுதியாக இருப்பவர்களும் உண்டு. அதனால் ‘உள்பக்கம் வலி இல்லையே, ஜவ்வு நன்றாகத்தான் இருக்கும்’ என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இங்கே என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஓர் இரவு, ஐம்பது வயது அம்மா ஒருவர் வந்தார். கணுக்கால் உள்பக்கம் நல்ல வீக்கம். கணுக்கால் எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. சுளுக்கு என்று சொல்லி எலாஸ்டிக் கட்டுப் போட்டு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வலியோடு திரும்பி வந்தார். மூத்த மருத்துவர் கணுக்காலைத் தொடவே இல்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் விரலால் அழுத்தினார். அந்த அம்மா துடித்துப்போனார். ஃபிபுலா அங்கே உடைந்திருந்தது. கணுக்காலில் தொடங்கிய முறுக்கு டெல்டாய்டை அறுத்து, சிண்டெஸ்மோசிஸைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறி, ஃபிபுலாவின் உச்சியில் போய் எலும்பை உடைத்திருக்கிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் மெசொன்னவ் 1840ல் விவரித்த முறிவு இது. இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம். அன்றிலிருந்து கணுக்கால் என்று யார் வந்தாலும் முழங்கால் வரை அழுத்திப் பார்க்காமல் நான் விட்டதில்லை. உங்கள் அப்பாவுக்கும் அப்படிப் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எக்ஸ்ரேக்கு வருகிறேன். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, காலை 15 முதல் 20 டிகிரி உள்பக்கம் திருப்பி ஒன்று, ஆக மூன்று படம் வேண்டும். மூன்றாவதை மார்ட்டிஸ் வியூ என்போம். அந்தக் கூடு முழுதாகத் தெரிவது அதில்தான். டேலஸுக்கும் உள்பக்க எலும்புக்கும் நடுவே உள்ள இடைவெளி சாதாரணமாக 4 மில்லிமீட்டருக்குள் இருக்கும், டேலஸுக்கும் அதன் மேலே உள்ள டிபியாவுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிட அதிகமாக இருக்காது. டிபியாவுக்கும் ஃபிபுலாவுக்கும் நடுவே, மூட்டுக்கு 1 சென்டிமீட்டர் மேலே, 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இவை தெளிவாக விரிந்திருந்தால் ஜவ்வு போய்விட்டது என்று அர்த்தம், வேறு பரிசோதனைக்கு அவசியமே இல்லை.

சிக்கல் உங்கள் அப்பாவைப் போன்றவர்களிடம்தான். வெபர் பி என்றால் ஃபிபுலா மூட்டின் மட்டத்திலேயே உடைந்திருக்கிறது. மூட்டுக்குக் கீழே உடைவது ஏ, பெரும்பாலும் பயமில்லை. மேலே உடைவது சி, சிண்டெஸ்மோசிஸ் பெரும்பாலும் கிழிந்திருக்கும். பி எந்தப் பக்கமும் போகலாம். ஜவ்வு கிழிந்திருந்தாலும் படுத்த நிலையில் எடுத்த படத்தில் இடைவெளி சரியான அளவில் இருப்பதுபோலத் தெரியலாம், காரணம் அந்த நேரத்தில் மூட்டின் மேல் எந்தச் சுமையும் இல்லை. பூட்டாத கதவும் சாத்திக் கிடக்கும்போது பூட்டிய கதவு மாதிரியேதான் இருக்கும். தள்ளிப் பார்த்தால்தான் தெரியும்.

தள்ளிப் பார்க்க வழிகள் இருக்கின்றன. மருத்துவர் கையால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரே எடுப்பது ஒன்று, அது வலிக்கும். அடிபட்ட பக்கம் கீழே வர ஒருக்களித்துப் படுக்கவைத்து, பாதத்தை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு எடுப்பது இன்னொன்று. பாதத்தின் எடையே மூட்டை இழுத்துப் பார்த்துவிடும், வலியும் குறைவு. எனக்குப் பிடித்தது மூன்றாவது: சில நாள் கழித்து வலி சற்று அடங்கியதும், கட்டைக் கழற்றி, நோயாளியை நிற்கவைத்து எடுக்கும் படம். தொங்கவிட்டு எடுத்ததில் 5 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்த மூட்டு, நிற்கும்போது சரியாக உட்கார்ந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டெல்டாய்டின் ஆழமான பகுதியில் கொஞ்சம் மிச்சமிருந்தாலே எடையைத் தாங்கிவிடுகிறது. அவர்களில் பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆனால் இதை மருத்துவர் முன்னால்தான் செய்ய வேண்டும். வீட்டில் அப்பாவை எழுப்பி நிற்கவைத்துப் பார்க்காதீர்கள்.

எம்ஆர்ஐ ஜவ்வை நேரடியாகக் காட்டும், மறுக்கவில்லை. ஆனால் அசையாமல் படுத்திருக்கும் காலைத்தான் அது காட்டுகிறது. புதிதாக அடிபட்ட காலில் ஏதாவது ஒரு ஜவ்வில் கிழிசல் இருப்பது சகஜம். ரிப்போர்ட்டில் ‘கிழிசல்’ என்று வந்ததும் குடும்பமே கலங்கிப்போகும், அந்த மூட்டோ உறுதியாகவே இருக்கும். எக்ஸ்ரே ஒன்று சொல்ல, நோயாளியின் வலி வேறொன்று சொல்லும்போது, அல்லது எலும்பு கூடியபிறகும் வலி அடங்காதபோது நான் எம்ஆர்ஐ கேட்பேன். டிபியாவின் பின்விளிம்பும் உடைந்திருந்தால் சிடி ஸ்கேன்தான் அதிகம் உதவும். அந்தத் துண்டில் சிண்டெஸ்மோசிஸின் பின்ஜவ்வு ஒட்டியிருக்கும். எலும்பைப் பொருத்தினால் ஜவ்வும் தன் இடத்துக்கு வந்துவிடும்.

அறுவை சிகிச்சை வரை போனால் சோதனை அங்கேயும் தொடரும். ஃபிபுலாவில் பிளேட் வைத்த பிறகு, ஒரு சிறிய கொக்கியை அதில் மாட்டி வெளிப்பக்கம் மெதுவாக இழுப்போம். அறுவை அறையிலேயே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் திரையில் இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி திறந்தால், சிண்டெஸ்மோசிஸுக்கும் தனியாக ஸ்க்ரூவோ, இரண்டு எலும்பையும் சேர்த்துக் கட்டும் நூல் பொத்தானோ போட வேண்டும். அந்தச் சில நொடிகளில் அறையில் எல்லோரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆக, நாளை மருத்துவரிடம் கேளுங்கள்: “மார்ட்டிஸ் வியூ எடுத்தாச்சா டாக்டர்? நிற்கவைத்தோ தொங்கவிட்டோ ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா?” மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூட்டு உறுதியாக இருந்தால் 6 வாரத்தைப் பற்றியும் பேசலாம். ஃபின்லாந்தில் நடந்து 2019ல் வெளிவந்த ஆய்வில், உறுதியான வெபர் பி முறிவுக்கு 3 வாரக் கட்டின் பலன் 6 வாரத்துக்குக் குறைந்ததாக இல்லை.

அப்புறம், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. பல வருடமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலி காட்டிக்கொடுக்காது, டேலஸ் கட்டுக்குள்ளேயே நழுவிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு 3 வாரக் கணக்கு பொருந்தாது, வாரம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம்.