விதிகள் கட்டிப்போட்ட பந்தய எஞ்சினுக்கு கேம்ஷாஃப்ட்டும் வால்வு ஸ்பிரிங்கும் எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: ஷெவ்ரலே 350 எஞ்சின், அமெரிக்க மண் ஓவல் தடத்தில் ஸ்ட்ரீட் ஸ்டாக் (சாலைக் காரை அதிகம் மாற்றாமல் ஓட்டும்) வகுப்பு. வால்வு லிஃப்ட், அதாவது வால்வு திறக்கும் உயரம், 0.450 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. ஹைட்ராலிக் ஃபிளாட் டேப்பட் (கேம்ஷாஃப்ட் மேல் உரசி ஓடும், உள்ளே ஆயில் நிரம்பிய, தட்டை அடியுள்ள உருளை) மட்டும். கார்புரேட்டர் ஹோலி 4412. ஐடிலில், 1000 ஆர்பிஎம்மில், இன்டேக் மேனிஃபோல்டில் 16 அங்குல (பாதரசக் கணக்கு) வேக்குவம் காட்ட வேண்டும். இதற்குள் எவ்வளவு பெரிய கேம் (கேம்ஷாஃப்ட்) போடலாம் என்று கேட்கிறீர்கள்.

கேமை விடுங்கள், முதலில் கார்புரேட்டரைப் பாருங்கள். 4412-இன் மேல் 500 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று போட்டிருப்பார்கள். ஆனால் இதைப் போன்ற இரண்டு பேரல் (காற்றுக்குழாய்) கார்புரேட்டரை 3 அங்குல வேக்குவத்தில் அளக்கிறார்கள், நான்கு பேரலை 1.5 அங்குலத்தில். நான்கு பேரல் கணக்குக்கு மாற்றினால் உங்களுடையது ஏறக்குறைய 350 சிஎஃப்எம்தான். 350 கன அங்குல எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் முழு மூச்சு இழுக்க 600-க்குக் கொஞ்சம் மேலே வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. எந்தக் கேமைப் போட்டாலும் 5500-ஐ ஒட்டி பவர் படுத்துவிடும். 7000 வரை இழுக்கும் என்று விற்கிற கேமுக்கு இங்கே வேலையே இல்லை. வளைவிலிருந்து வெளியே வரும்போது, 3500-இலிருந்து மேலே, யார் வண்டி முதலில் உந்துகிறதோ அவர்தான் முன்னால் போவார்.

டியூரேஷன், அதாவது கேம் வால்வைத் திறந்துவைத்திருக்கும் கால அளவு (கிராங்க் டிகிரியில்), அதிகமானால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலேறத் தொடங்கியபின் உள்ளே வந்த கலவையைத் திருப்பித் தள்ளிவிடும், கீழ் டார்க் போய்விடும். கூடவே ஓவர்லேப்பும் (இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) கூடி வேக்குவம் விழும், ஆய்வில் மாட்டுவீர்கள். நானாக இருந்தால் 0.050 அங்குல லிஃப்டில் அளந்த டியூரேஷன் 215 முதல் 222 டிகிரிக்குள், லோப் செபரேஷன் (கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளைத் தள்ளும் மேடுகளான லோப்களின் உச்சிகளுக்கு இடையிலான கோணம்) 110-ஐ ஒட்டித் தேடுவேன். 106 வைத்தால் டார்க் இன்னும் நன்றாக வரும்தான், ஆனால் உங்கள் வேக்குவம் விதி அதற்கு இடம் தராது.

லிஃப்டுக்கு உச்சவரம்பு இருக்கிறது, டியூரேஷனையும் நீட்ட முடியாது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: வால்வை எவ்வளவு சீக்கிரம் மேலே கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவைப்பது. கேட்டலாக்கில் விளம்பர டியூரேஷனிலிருந்து (டேப்பட் அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தது) 0.050 டியூரேஷனைக் கழித்துப் பாருங்கள். 268-உம் 218-உம் என்றால் வித்தியாசம் 50. அது 45 என்றால் ரேம்ப் (லோப்பின் ஏறும் சரிவு) வேகமானது. இதற்கும் எல்லை உண்டு. ஃபிளாட் டேப்பட்டில் லோப் தொடும் புள்ளி டேப்பட்டின் விளிம்பைத் தாண்டிப் போகக்கூடாது. டேப்பட் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம்தான் கிடைக்கும். ஷெவ்ரலேவுக்கு 0.842 அங்குலம், ஃபோர்டுக்கு 0.875, கிரைஸ்லருக்கு 0.904. கிரைஸ்லர்காரர்களுக்கு வெட்டிய ப்ரொஃபைலை ஆசைப்பட்டு ஷெவ்ரலேவில் போட்டால் டேப்பட் விளிம்பு லோப்பைச் செதுக்கித் தின்றுவிடும்.

லிஃப்ட் கணக்கில் இன்னொரு சங்கதி. லோப் 0.300, ராக்கர் (டேப்பட்டின் அசைவைப் பெருக்கி வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) விகிதம் 1.5, பெருக்கினால் 0.450 என்று காகிதத்தில் சரியாக வரும். ஆனால் ஸ்டாம்பிங் ராக்கர்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் 1.5 இருப்பதில்லை. பதினாறையும் ரிட்டெய்னர் (வால்வு ஸ்பிரிங்கின் மேல் மூடி) மேல் டயல் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். ஆய்வாளரும் அங்கேதான் வைப்பார்.

இனி ஸ்பிரிங். என்னைக் கேட்டால் கேமைவிட இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். ஸ்டாக் ஸ்பிரிங் 1.70 அங்குல உயரத்தில் சுமார் 80 பவுண்டு, 1.25-இல் சுமார் 200 பவுண்டு தரும். இரண்டுக்கும் இடைவெளி சரியாக உங்கள் 0.450 லிஃப்ட். அழுத்தினால் தாங்கும், ஆனால் வேகமான ரேம்ப்பை 5500-இல் பிடித்து நிறுத்தாது. ஹைட்ராலிக் டேப்பட்டில் வால்வு ஃப்ளோட் ஆனால், அதாவது ஸ்பிரிங் தோற்று வால்வு கேமின் அசைவைவிட்டு விலகினால், அந்த இடைவெளியை ஆயில் நிரப்பிக்கொள்ளும், பிறகு வால்வு முழுதாக மூடாது. ஸ்ட்ரெய்ட் முடிவில் பவர் திடீரென்று செத்துப்போகும், ஓட்டுநர் இக்னிஷனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

மூடிய நிலையில் 110 முதல் 120, திறந்த நிலையில் 280 முதல் 300 பவுண்டு வருகிற, டேம்ப்பர் (அதிர்வை அடக்கும் உள்சுருள்) உள்ள ஒற்றை ஸ்பிரிங் போதும். (1.25 அங்குல விட்டம்தான் அனுமதியா, டேம்ப்பருக்கு அனுமதி உண்டா என்று விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.) பயத்தில் இன்னும் கடினமானதைப் போட்டால் லோப் தேய்ந்துவிடும். ஒவ்வொரு வால்வுக்கும் பொருத்திய உயரத்தைத் தனித்தனியாக அளந்து ஷிம் (மெல்லிய வளையம்) வைத்துச் சமன் செய்யுங்கள். முழு லிஃப்டில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்ட இன்னும் 0.060 அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். ரிட்டெய்னருக்கும் கைடு சீலுக்கும் நடுவிலும் அப்படியே. ஸ்பிரிங் டெஸ்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். புதிதாக இருந்தபோது குறித்துவைத்த அளவிலிருந்து பத்து சதவீதம் இறங்கினால் தூக்கிப் போடுங்கள்.

பழைய டேப்பட்டைப் புதுக் கேமில் போடவே கூடாது. பிரேக்-இன் செய்யும்போது ஸ்டாக் ஸ்பிரிங்கையே வைத்து, ஐடிலில் விடாமல் 2000–2500 ஆர்பிஎம்மில் இருபது, முப்பது நிமிடம் ஓட்டுங்கள். ஆயிலில் துத்தநாகம் முக்கியம்: 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரம், 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டது, அதோடு சேர்ந்து துத்தநாகமும் குறைந்தது. கடையில் கிடைக்கிற கார் ஆயில் இதற்கு ஆகாது, பந்தய ஆயிலோ பிரேக்-இன் ஆயிலோ வாங்குங்கள்.

கேம் வெட்டுபவரிடம் விதிப்பக்கம், கம்ப்ரஷன், பின் கியர் விகிதம், தடத்தின் நீளம், வண்டி எடை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, 16 அல்ல, 17 அங்குல வேக்குவம் வேண்டும் என்று கேளுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி ஏறினால் கேஜில் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். வீட்டு ஷெட்டில் 16 காட்டியதை நம்பி உயரமான ஊர்த் தடத்துக்குப் போனால் ஆய்விலேயே வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.