வெள்ளை அணுவைக் குறைக்க மாத்திரையா?

கேள்வி: முள் குத்தி உள்ளங்காலில் சீழ் கோத்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 14,600. மருந்துக்கடையில் கொடுத்த பிரெட்னிசோலோன் மாத்திரையில் வீக்கம் வடிந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தால் 17,000! அணுக்களைக் குறைக்க என்ன சாப்பிடலாம்?
– வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: எதுவும் சாப்பிட வேண்டாம். விரட்ட வேண்டியது காலுக்குள் இருக்கும் கிருமியை. உங்களைக் காப்பாற்ற வந்த அணுக்களை ஏன் விரட்டுகிறீர்கள்?

கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கமான அளவு. கிருமி புகுந்ததும் எலும்பு மஜ்ஜை தன் கையிருப்பை ரத்தத்தில் இறக்கிவிடும். அதில் பெரும்பகுதி நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள். முள் தைத்த இடத்தில் ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசியும். சிவப்பும் சூடும் வீக்கமும் அதனால்தான். அங்கே குழாயின் உட்சுவர் பசைபோலப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தோடு ஓடிவரும் நியூட்ரோபில் அதில் உரசி, உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி நிற்கும். பிறகு தன் உடம்பை ஒடுக்கிக்கொண்டு சுவரின் செல்களுக்கு நடுவே நுழைந்து வெளியேறி, கிருமி இருக்கும் திசை நோக்கி ஊர்ந்து போய் அதை விழுங்கும். விழுங்கிய கிருமிமேல் நச்சு வேதிப்பொருள்களைக் கொட்டிக் கொன்றுவிட்டுத் தானும் மடியும். நீங்கள் அருவருப்போடு துடைக்கிற சீழில் பெரும்பங்கு அப்படி மடிந்த அணுக்கள்தான். அந்தப் பச்சை கலந்த மஞ்சள் நிறம்கூட, கிருமியைக் கொல்ல அவை வைத்திருந்த ஒரு நொதியின் நிறம்.

இப்படிச் செல்கள் ஓடிவந்து கிருமியை விழுங்கி உடலைக் காப்பதை முதலில் கண்டுசொன்னவர் ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ். 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. 1908இல் நோபல் பரிசு அவரைத் தேடிவந்தது.

இனி உங்கள் மாத்திரைக்கு வருவோம். அது ஸ்டீராய்டு. அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுவதையே அது தடுக்கும். காலுக்குப் போகவேண்டியவை வெளியேற முடியாமல் ரத்தத்திலேயே சுற்றும், எண்ணிக்கையும் ஏறும். உங்கள் 17,000க்கு இதுவும் காரணமாக இருக்கலாம். வீக்கம் வடிந்ததைக் குணம் என்று எண்ணி ஏமாறாதீர்கள். காவலைக் கட்டிப்போட்டுவிட்டுக் கிருமிக்கு வழிவிட்டிருக்கிறீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை எடுத்துக்கொடுத்த கடைக்காரர்மேல் எனக்குக் கடுங்கோபம். (ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு டாக்டர் சொல்லி ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. அது ஆபத்து.)

இன்றே டாக்டரிடம் போங்கள். மாத்திரை அட்டையையும் காட்டுங்கள். சீழைக் கீறி வெளியேற்ற வேண்டியிருக்கும், முள் நுனி உள்ளே ஒடிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கூடினால் இந்த அணுக்களின் வேகமும் கொல்லும் திறனும் குறையும். குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிவப்புக் கோடு காலில் மேலேறினாலோ இரவென்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.