மே மாத விருந்துக்கு 30 பேர் சாப்பிடும் அளவில் ட்ரைஃபிள் செய்வது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டம் அருகே எங்கள் வீட்டில் மே மாதம் மகளின் புதுநன்மை (முதல் நற்கருணை) விருந்து. சுமார் 30 பேர் வருவார்கள், முட்டை சாப்பிடாதவர்களும் இருப்பார்கள். கேக், பழம், ஜெல்லி, கஸ்டர்டு எல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கும் ஆங்கிலேய இனிப்பான ட்ரைஃபிள் செய்ய ஆசை. ஆனால் நான் செய்யும்போதெல்லாம் அடியில் தண்ணீர் தேங்கிவிடுகிறது, மேலே கிரீம் இளகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

மகளுக்கு என் வாழ்த்துகள். இரண்டு குறைகளையும் தவிர்க்கலாம். எந்த அடுக்கு ஈரத்தை விடும், எந்த அடுக்கு அதைக் குடிக்கும் என்பதைப் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி நம் ஊர் மே மாதப் புழுக்கத்தைச் சமாளிப்பது.

பழத்திலிருந்து தொடங்குகிறேன், தண்ணீர் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. டின்னில் அடைத்து வரும் பழக்கலவை வேண்டாம். மாம்பழமும் சக்கையும் (பலா) பழுத்துக் குவியும் மாதத்தில், பாகில் ஊறிச் சுவை இழந்த பழத்தைக் காசு கொடுத்து வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. செங்கவருக்கை மாம்பழம், வருக்கைச் சக்கைச் சுளை, பழுத்த ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) ஆகிய மூன்றும் போதும். சுத்தம் செய்து நறுக்கிய பிறகு எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோ இருக்க வேண்டும். சக்கையில் சுளை குழைவாக இருக்கும் கூழன் வகை வேண்டாம். அது தின்ன இனிமையானது, ஆனால் அடுக்கில் கரைந்துவிடும். மாம்பழத் துண்டுகளில் சர்க்கரை தூவாதீர்கள். சர்க்கரை பட்டதுமே பழம் தன் நீரை வெளியே விடத் தொடங்கும். துண்டுகளை அரை மணி நேரம் வடிகட்டியில் போட்டு வையுங்கள், சாறு கீழே இறங்கட்டும். அந்தச் சாறு பிறகு தேவைப்படும். ஏத்தன்பழத்தை வட்டமாக நறுக்கி, கொஞ்சம் நெய்யில் இருபுறமும் வாட்டிக்கொள்ளுங்கள். பச்சையாகப் போட்டால் சில மணி நேரத்தில் கறுத்துவிடும். வாட்டினால் நிறமும் நிற்கும், வடிவமும் நிற்கும்.

மட்டி வாழைப்பழம் போடலாமா என்ற எண்ணம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கும் வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம், அதன் மணத்துக்கு ஈடில்லை. ஆனால் அடுக்குக்குள் வைக்கும் அளவுக்கு அதற்கு உறுதி கிடையாது. பரிமாறும் நேரத்தில் உரித்து நறுக்கி மேலே வைத்தால் அதன் மணம் முழுதாகக் கிடைக்கும்.

அன்னாசிப்பழம் சேர்க்க விரும்பினால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பச்சை அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. பாலில் செய்த கஸ்டர்டோடு சேர்ந்தால் சில மணி நேரத்தில் கசப்பு ஏறிவிடும், ஜெலட்டின் ஜெல்லியை உறையவே விடாது. பப்பாளியிலும் இதே வகை நொதி உண்டு. அன்னாசித் துண்டுகளைச் சிறிது சர்க்கரையோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, வடிகட்டிப் போட்டால் தொல்லை இல்லை.

ஜெல்லிக்குக் கடல்பாசிதான் (அகர் அகர்) சரி. ஜெலட்டின் விலங்குகளிடமிருந்து எடுப்பது. முட்டை சாப்பிடாத உங்கள் விருந்தினர்களில் பலர் அதையும் தவிர்க்கக்கூடும். அதைவிட முக்கியமான காரணம், ஜெலட்டின் 35 டிகிரி அளவிலேயே உருகிவிடும். மே மாத மதியத்தில் அது எப்படித் தாங்கும்? கடல்பாசி ஒருமுறை உறைந்துவிட்டால் 80 டிகிரியைத் தாண்டினால்தான் மறுபடி உருகும். எட்டு கிராம் நூல் கடல்பாசியை ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரையும்வரை காய்ச்சி, சர்க்கரை சேர்த்து இறக்குங்கள். வடித்து வைத்த மாம்பழச் சாற்றோடு ஒரு மாம்பழத்தை அரைத்துக் கால் லிட்டராக்கி, இறக்கிய பிறகு கலந்துவிடுங்கள். இதைக் கிண்ணத்தில் நேரடியாக ஊற்றாமல் தனித் தட்டில் உறையவைத்துத் துண்டு போடுங்கள். சூடாக ஊற்றினால் கேக் உறிஞ்சிவிடும், ஆறட்டும் என்று காத்திருந்தால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும்.

இனி கஸ்டர்டு. கஸ்டர்டு பவுடர் என்பது சோள மாவும் நிறமும் மணமும்தான், முட்டை கிடையாது. ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய மருந்தாளர், முட்டை ஒவ்வாத தன் மனைவிக்காக 1837இல் பர்மிங்காமில் இதை உருவாக்கினார். உங்கள் விருந்துக்குப் பொருத்தமான பொருள். ஒன்றரை லிட்டர் பால், அரை லிட்டர் கெட்டியான முதல் தேங்காய்ப்பால், தலைதட்டிய 12 மேசைக்கரண்டி பவுடர், 200 கிராம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பவுடரைக் குளிர்ந்த பாலில் கரைத்து, கொதிக்கும் பாலில் ஊற்றி, கைவிடாமல் கிளறுங்கள். கெட்டியானதும் இறக்கிவிடுவது பலரின் வழக்கம். இறக்காதீர்கள், குமிழி வந்து கொதித்த பிறகும் இரண்டு நிமிடம் கிளற வேண்டும். மாவு முழுதாக வேகாவிட்டால் மறுநாள் கஸ்டர்டு நீர்த்துப்போகும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தேங்காய்ப்பால், இல்லையென்றால் திரிந்துவிடும்.

கஸ்டர்டு உறைந்த பிறகு அதைக் கலக்கவே கூடாது. உறைந்த மாவின் பிணைப்பு கரண்டி பட்டால் உடைந்து தண்ணீர் பிரியும். உங்கள் கிண்ணத்தின் அடியில் தேங்கும் நீருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே வெதுவெதுப்பாக, இன்னும் ஊற்றும் பதத்தில் இருக்கும்போதே அடுக்கிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கேக் குழைந்துவிடும்.

கேக், பேக்கரியில் முட்டையில்லாத சாதா ஸ்பாஞ்ச் ஒரு கிலோ. முந்தைய நாளே வாங்கித் துண்டு போட்டு, தோசைக்கல்லில் லேசாக வாட்டி வையுங்கள். காய்ந்த கேக்தான் ஈரத்தைக் குடிக்கும். வெண்ணெய் அதிகமுள்ள கேக் அவ்வளவாகக் குடிக்காது. இங்கிலாந்தில் இதை ஷெர்ரி மதுவில் நனைப்பார்கள். நம் வீட்டில் கருப்பட்டிப் பாகு போதும்: கால் கிலோ கருப்பட்டியைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போடுங்கள். சுக்கு என் மைனியின் (அண்ணி) யோசனை. பதினாறாம் நூற்றாண்டில் ட்ரைஃபிள் என்று ஆங்கிலேயர் செய்தது இஞ்சியும் ரோஜாப் பன்னீரும் மணக்கும் கெட்டிப் பாலேடுதான், அடுக்குகளெல்லாம் பிறகு வந்தவை என்று அறிந்தபோது, மைனியின் கைப்பக்குவத்தின் மீது எனக்கு மதிப்பு இன்னும் கூடியது. கருப்பட்டியைச் சூடான கஸ்டர்டில் மட்டும் கலக்காதீர்கள், பால் திரியக்கூடும்.

மூன்றரை லிட்டர் கொள்ளும் கிண்ணங்கள் இரண்டு எடுங்கள். ஒரே பெரிய கிண்ணம் பார்க்க அழகு, ஆனால் வீட்டு ஃபிரிட்ஜில் நுழையாது. கேக், அதன்மேல் கரண்டியால் பாகு, பழம், கடல்பாசித் துண்டுகள், கஸ்டர்டு. மறுபடி அதே வரிசை. பழத்தின் வெட்டுமுகம் கண்ணாடியை ஒட்டி இருக்கட்டும். முதல் நாள் இரவே அடுக்கி மூடி வையுங்கள். எட்டு மணி நேரமாவது ஊறினால்தான் சுவை ஒன்றுசேரும்.

கிரீம் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: மே மாதத்தில் அது வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவுதான், எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. விப்பிங் கிரீம் என்று கேட்டு வாங்கினால் நிற்கும், ஆனால் குளிர்ச்சி போனதும் இளகும். தாவர எண்ணெயில் செய்தது வெயிலைத் தாங்கும், நாக்கில் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். தேங்காய்ப்பால் சேர்த்த கஸ்டர்டே மேல் அடுக்காக இருந்து, அதன்மேல் நெய்யில் வறுத்த முந்திரி விழுந்தால் வேறெதுவும் தேவையில்லை. குழந்தைகளுக்காகக் கிரீம் வேண்டுமென்றால் அரை லிட்டரை நன்றாகக் குளிரவைத்து அடித்து, பந்திக்குச் சற்று முன் போடுங்கள்.

கடைசியாகப் பாதுகாப்பு. பால் சேர்த்த பண்டம் 32 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. முதல் பந்திக்கு ஒரு கிண்ணத்தை எடுங்கள், அது தீர்ந்த பிறகே அடுத்தது. மின்சாரம் போகும் என்ற சந்தேகம் இருந்தால், குளச்சல் பக்கம் மீனுக்கு வாங்குவார்களே, அந்தத் தெர்மோகோல் பெட்டி புதிதாக ஒன்று வாங்கி, பனிக்கட்டி நிரப்பித் தயாராக வையுங்கள். பரிமாறுபவரிடம் நீளமான கரண்டியைக் கொடுத்து, அடிவரை இறக்கி எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதலில் வருபவர்களுக்குக் கஸ்டர்டும் கடைசியில் வருபவர்களுக்கு வெறும் கேக்கும்தான் கிடைக்கும்.